தீபனுக்கு ஞானத்தாய்

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். அண்ணன் மகன் ரோசனுக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். புது அரிசி மூட்டை பிரித்தேன். மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. சந்தையில் நாட்டுப்படகு மீன்தான், அதுவும் கை வைக்க முடியாத விலை. முருங்கைக்காயும் முட்டையும் போட்டுச் சமாளித்தேன். அண்ணன் உப்புக் கம்பெனிக்கும் அவர் மனைவி, என் மைனி, தபால் ஆபீசுக்கும் போன பிறகு வீடு துடைத்தேன்.

இந்த வீட்டில் சமையலும் கணக்கும் என் பொறுப்பு. அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது முப்பத்தெட்டு. குறையாக எழுதவில்லை. வயதுக் கணக்கும் ஒரு கணக்குத்தானே.

பின்வீட்டு கஸ்பார் இன்று பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டார். அவர் மனைவி மெற்றில்டா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தனியாளாகவே தத்தெடுக்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தபோது எங்கள் ஊர் வெள்ளிமுனை முழுக்கச் சிரித்தது. “பொண்டாட்டி தேடுத வயசுல பிள்ளை தேடுதான் பாரு” என்று என் அண்ணனே சொன்னார். கோர்ட்டு உத்தரவு வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை பிள்ளை இவரிடம் இருக்கலாம்.

பெயர் தீபன். இரண்டரை வயது. மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது. கஸ்பாரின் கையைப் பிடிக்கவில்லை, சட்டைப் பையை இறுகப் பிடித்திருந்தான்.

ஜூன் 4, செவ்வாய்

பிள்ளை நேற்றும் அழவில்லை, இன்றும் அழவில்லை. அழாத பிள்ளையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. செபமாலையில் பத்து மணி அவனுக்காக உருட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று அழுதான். தெருவே கேட்கிற மாதிரி, மூச்சு முட்ட அழுதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பின்சுவரில் கஸ்பாரின் தலை தெரிந்தது. முகமெல்லாம் கிரீஸ். அவர் படகு என்ஜின் மெக்கானிக். தடைக்காலத்தில்தான் படகெல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிற்கும். அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத சமயம் பார்த்துப் பிள்ளை வந்திருக்கிறான்.

“அமலி, ஒரு சந்தேகம். ரசஞ்சோறு குடுத்தேன். குடுத்ததுலேருந்து டீசல்ல தண்ணி கலந்த மாதிரி இருமுதான்.”

“மிளகு போட்டியளா?”

“நாலஞ்சு போட்டேன்.”

“பச்சப்பிள்ளைக்கா? இந்தாங்க, அவன இங்க குடுங்க.”

சுவருக்கு மேலே பிள்ளை வந்தான். பால்கஞ்சி கொடுத்தேன், கொஞ்சம் சர்க்கரை போட்டு. குடித்து முடித்துவிட்டு என் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தான். பிறகு அதைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். வாங்கவேண்டிய உளுந்தை வாங்கப் போகவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நற்கருணைப் பெருவிழா. எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது தீபன் வலப்பக்கத்திலிருந்து இறங்கினான். நடுப்பாதையில் நிதானமாக நின்று பெண்கள் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டான்.

ஊர் முழுவதும் பார்த்தது. நான் பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்கம் எதைப் பற்றி என்று அண்ணன் கேட்டார். அப்பத்தைப் பற்றி என்று சொன்னேன். பெருவிழா அன்று வேறு எதைப் பற்றி இருக்கப்போகிறது.

ஜூலை 9, செவ்வாய்

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டாலும் கஸ்பாரின் பட்டறையில் வேலை குறையவில்லை. காலை எட்டு மணிக்குக் கஸ்பார் பிள்ளையைச் சுவருக்கு மேலே கொடுப்பார். மாலை அதே வழியில் வாங்கிக்கொள்வார். வாசல் வழியாக வந்து போகலாமே என்று மைனி கேட்டாள். சுவர் பக்கம் தூரம் குறைவு என்றேன்.

தீபனுக்கு முட்டையில் மஞ்சள் கரு ஆகாது. வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை என் வாயில் திணிக்கிறான். என்னை ‘மலி’ என்கிறான். அவரை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தீபனிடம் கெஞ்சுவது கேட்கும். “அப்பா சொல்லு. சொல்லுய்யா. அப்பா.” பதிலுக்கு “மலி” என்று கத்துவான். அவர் சிரிப்பார். எனக்கு அது பாவமாக இருக்கும். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

மைனிக்கு லீவு. இரண்டு பேருமாக நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம்.

“ஏட்டி அமலி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மீன்காரர் உனக்கு யாரு?”

“ராயப்பண்ணன்.”

“கோயில்ல மணி அடிக்கவரு?”

“மிக்கேலண்ணன். எதுக்கு மைனி கேக்கிய?”

“கஸ்பாரு?”

“கஸ்பாருக்கு என்ன?”

“ஊர்ல மீசை முளைச்சவனையெல்லாம் அண்ணன்ங்க. அவர மட்டும் ‘இந்தாங்க’, ‘பாருங்க’, ‘வந்துட்டியளா’. பதினஞ்சு வருசமாப் பாக்கேன், ஒரு வாட்டிகூட அண்ணன்னு உன் வாயில வரல.”

“பின்வீட்டுல இருக்காரு. கூப்பிடாமலே கேக்கும்.”

மைனி நெத்திலித் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பதினஞ்சு வருசம் இல்லட்டி. நான் தப்பாச் சொல்லிட்டேன். மெற்றில்டா இருந்தப்போ அண்ணன்னுதான் கூப்பிட்ட. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

நெத்திலி இன்று மண்ணாக இருந்தது. நான்கு தண்ணீர் கழுவ வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு வேனில் போய்வந்தோம். நாங்கள் நான்கு பேர், கஸ்பார், தீபன். கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டேன். கஸ்பார் முன்னால் நடந்து வழி விலக்கிக் கொடுத்தார். ஒரு பலூன்கார அம்மாள் என்னிடம், “பிள்ளை அப்படியே அப்பா சாடைம்மா” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். பொய்யா என்று தெரியவில்லை. அவன் மூக்கை உறிஞ்சும்போது கஸ்பார் மாதிரிதான் இருக்கிறான்.

திரும்பி வரும்போது தீபன் என் மடியில் தூங்கிக்கொண்டே “அப்பா” என்றான். முதல் தடவை. கஸ்பாருக்குக் கேட்கவில்லை, முன் சீட்டில் இருந்தார். நான் குனிந்து சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடி வழியாக வெளியே உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நல்ல நாள். மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 17, சனி

குடிதண்ணீர்க் குழாயில் எங்கள் தெரு செசிலியக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள். “என்ன அமலோற்பவம், திருநாளுக்குக் குடும்பமாப் போனியளாமே?”

“ஆமாக்கா, அண்ணன் குடும்பம்.”

“நான் அண்ணன் குடும்பத்தச் சொல்லல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இரண்டு குடம் எடுக்கப் போனவள் ஒரு குடத்தோடு வந்துவிட்டேன்.

கஸ்பார் காதுக்கும் இது போயிருக்கிறது. மாலையில் பிள்ளையை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்களுக்குச் சங்கடம் ஆயிருச்சு. நான் ஒரு வழி பண்ணுதேன்” என்றார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

உத்தரவு வந்துவிட்டது. தீபன் இனிமேல் சட்டப்படி கஸ்பார் மகன். யாரும் திரும்பக் கேட்க முடியாது. கஸ்பார் கோர்ட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், வாசல் வழியாக. கையில் அல்வா. அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்து, “அப்பனாயிட்டியேலே!” என்றார். கஸ்பாரின் இஸ்திரி சட்டை கசங்கிவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

“அடுத்த மாசம் இருபதாந்தேதி ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். சாமியார்ட்ட பேசிட்டேன். அமலி, நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும். இவனுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல.”

தீபன் என் மடியில்தான் இருந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “நிக்கேன்” என்றேன். யோசிக்கவே இல்லை. அண்ணனுக்குச் சந்தோஷம். மைனி மட்டும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

செப்டம்பர் 19, வியாழன்

செசிலியக்கா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞானத்தாயா நிக்கியாமே? நல்ல காரியம். கஸ்பாரு புத்திசாலி. இனி நீ அவனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. நடுவீட்டுல உக்காந்து சோறு போட்டாலும் ஒருத்தி வாய் திறக்க முடியாது.”

இது எங்கள் ஊர் வழக்கம். ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கி ஞானத்தாயாக நின்றவளும் பிள்ளையின் தகப்பனும் அன்றிலிருந்து அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாண சம்பந்தம் கிடையாது. கீழத்தெரு அருளானந்தத்துக்கு மனைவி இறந்த பிறகு அவன் பிள்ளையின் ஞானத்தாயைப் பெண் கேட்டபோது, அதற்காகவே நடக்காமல் போயிற்று.

ஒரு வழி பண்ணுதேன் என்று அவர் சொன்னது இதைத்தான். நல்ல மனிதர். என் பேர் கெடக் கூடாது என்று யோசித்திருக்கிறார். எனக்கு மிகவும் நிம்மதி.

இன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு ஞானத்தாய் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கலாம், எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை மீட்டர் வெள்ளைத் துணி எடுத்தேன். தையல் மிஷினில் உட்கார்ந்தேன். கழுத்து சரியாக வரவில்லை. பிரித்தேன். மறுபடி தைத்தேன். பிரித்தேன். நூல் சரியில்லை.

“நூல மாத்தட்டுமா?” என்றாள் மைனி.

“வேண்டாம்.”

“நூல்ல ஒண்ணும் இல்லட்டி.”

மிஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து பங்குச்சாமியார் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன்.

“சாமி, ஒரு பொதுச் சந்தேகம். பிள்ளைக்கு ஞானத்தாயா நின்னவ, பின்னால பிள்ளையோட தகப்பன கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு திருச்சபையில சட்டம் உண்டா?”

“இப்ப அப்படி ஒரு தடையும் இல்லம்மா. யாருக்கு?”

“யாருக்கும் இல்ல சாமி. பொதுவா.”

“திருச்சபைச் சட்டம் எனக்குத் தெரியும். வெள்ளிமுனைச் சட்டம் எனக்குத் தெரியாது. நான் வந்து ஒன்றரை வருசம்தான் ஆகுது.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “அம்மா, ஞானத்தாய் ஆகுறது பெரிய வாக்குறுதி. பீடத்துக்கு முன்னால பாதி மனசோட சொல்லக் கூடாது.”

வரும் வழியில் காய்கறி வாங்கினேன். கத்தரிக்காய், புடலை, அரைக்கிலோ சின்ன வெங்காயம். பாதி மனசோடு சொல்லக் கூடாது.

அக்டோபர் 4, வெள்ளி

முதல் வெள்ளி. பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினேன். திரும்பி வந்து சுவர் பக்கத்தில் நின்றேன்.

“ஞானத்தாயா என்னால நிக்க முடியாது. வேற ஆள் பாத்துக்கோங்க” என்றேன்.

கஸ்பார் கையில் பிள்ளையின் பால் புட்டி. “ஏன்?”

“முடியாது. அவ்வளவுதான்.”

“எதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“இல்ல.”

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் உள்ளே வந்துவிட்டேன். வெள்ளை உடுப்பைத் தைத்து முடித்து, மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதை யார் போட்டுவிட்டாலும் பிள்ளைக்குச் சேரட்டும்.

அக்டோபர் 5, சனி

எட்டு மணிக்குச் சுவருக்கு மேலே பிள்ளை வரவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நான்கு நாளாக வீட்டுக் கணக்கு எழுதவில்லை. பால்காரருக்கு எத்தனை லிட்டர் என்று மைனியிடம் கேட்கவேண்டி வந்தது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இப்படி நடந்தது கிடையாது.

தீபனைப் பட்டறைக்கே கூட்டிப்போகிறாராம். என்ஜின் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரவைக்கிறாராம். ரோசன் வந்து சொன்னான். “அத்தை, அவன் மூஞ்சியெல்லாம் கிரீஸ். கஸ்பார் மாமா குட்டியா இருக்கான்.” நான் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாலையில் தெருச் செபமாலை. அக்டோபர் மாதம் முழுக்க உண்டு. பின்வீட்டிலிருந்து “மலி, மலி” என்று சத்தம் கேட்டது. அருள்நிறை மந்திரத்தில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று மறந்துவிட்டது. மைனி உரத்த குரலில் எடுத்துக்கொடுத்தாள்.

அக்டோபர் 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குக் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். கஸ்பார் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பிள்ளையைத் தூக்கி வரவில்லை. வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவதே இல்லை.

“அமலி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். எங்கேருந்து வந்த பிள்ளையோ, யாரு பெத்ததோன்னு பீடத்து முன்னால தூக்கிட்டு நிக்க உங்களுக்குக் கூச்சமா இருக்கா? இருந்தாச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா மனசுல வச்சு மறைக்காதிய. அவன் உங்களத் தேடுதான்.”

இப்படி ஒரு அர்த்தம் அவருக்குத் தோன்றும் என்று நான் நினைக்கவே இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், இதை நினைக்க விடக் கூடாது.

“அப்படி நான் நெனச்சா என் நாக்கு அழுகிப்போகும்” என்றேன்.

“பின்ன எதுக்கு?”

“நான் ஞானத்தாயா நின்னா உங்களுக்குத் தங்கச்சி ஆயிருவேன்.”

“ஆமா. அதுக்குத்தான கேட்டேன். செசிலியக்கா வாய…”

“எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு” என்றேன். “அவரு போதும்.”

அவர் சுவரில் வைத்திருந்த கையை எடுத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். படகு என்ஜின் பத்து நாள் ஓடாமல் கிடந்தாலும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரில் பேர். இதற்கு அவருக்கு அதைவிட நேரம் ஆயிற்று.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொடியிலிருந்த துணி எல்லாவற்றையும் உருவி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து மடித்து அலமாரியில் அடுக்கினேன். சாயங்காலம் மைனி அலமாரியைத் திறந்துவிட்டு, “ஏட்டி, எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்” என்றாள்.

சொல்லியாயிற்று. இனி ஆண்டவர் சித்தம்.

அக்டோபர் 10, வியாழன்

ஒன்றும் இல்லை. பால் ஒன்றரை லிட்டர். தேங்காய் இரண்டு.

அக்டோபர் 11, வெள்ளி

எட்டு மணிக்குச் சுவருக்கு மேலே பிள்ளை வந்தான். பின்னால் கஸ்பார். முகம் சவரம் செய்து, வேலைச் சட்டை இல்லாமல் வெள்ளைச் சட்டை. நான் பிள்ளையை வாங்கினேன். அவன் என் காதைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் எச்சில் பண்ணி, கோபத்தில் ஒரு அடியும் கொடுத்தான்.

“ஊர் உங்களப் பேசக் கூடாதேன்னு கேட்டேன்” என்றார் அவர், கீழே பார்த்துக்கொண்டு. “எனக்குத் தங்கச்சி வேணும்னா கேட்டேன்? ஒரு அக்காவ வச்சுக்கிட்டே நான் படுத பாடு உங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம அக்காவக் கூட்டிட்டு வாசல் வழியா வாரேன்.”

“சரி” என்றேன்.

“அதுக்கு முன்னால உங்களுக்கு எதாவது கேக்கணுமா?”

“பிள்ளை காலையில என்ன சாப்பிட்டான்?”

“ஒண்ணும் சாப்பிடல. உங்கட்ட வந்து சாப்பிடுவானாம்.”

அக்டோபர் 13, ஞாயிறு

கஸ்பாரின் அக்கா ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார். பேசினால் பட்டென்று பேசுகிறவர். அண்ணனுக்கு எதுவும் தெரியாது, மைனி அவரிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை.

“வாலே கஸ்பாரு. அமலி ஞானத்தாய் வேண்டாம்னுட்டா, அதுக்கு நான் என்ன செய்ய? அவ சொன்னா சொன்னதுதான்” என்றார் அண்ணன்.

“அதுக்குத்தாண்டே வந்திருக்கேன்” என்றார் கஸ்பார்.

“அவ மனச மாத்தவா?”

“மாத்திராதன்னு சொல்ல.”

அண்ணன் கஸ்பாரைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார், அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். “எனக்கு மட்டும்தான் தெரியாதா?” என்றார். ரோசன் கையை உயர்த்தி, “எனக்கும் தெரியாதுப்பா” என்றான்.

சிரிப்பு அடங்கியதும் ஜெசிந்தாக்கா என்னை உட்காரச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டார்கள்.

“நான் நேராக் கேப்பேன், வருத்தப்படாத. உனக்கு வயசு இருக்கு. நாளைக்கே உன் வயித்துல ஒண்ணு பிறந்தா இவன ஓரத்துல தள்ள மாட்டியே? இவன் ஒரு வாட்டி விடப்பட்ட பிள்ளை. ரெண்டாவது வாட்டி நடக்கக் கூடாது. என் தம்பிக்குப் பொண்டாட்டி கிடைக்காட்டாலும் பரவாயில்ல.”

கஸ்பார் “அக்கா” என்றார். ஜெசிந்தாக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உண்மையைச் சொன்னேன். “இனிப் பிறக்கப்போற பிள்ளை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது அக்கா. பிறக்குமான்னே தெரியாது. இவன எனக்குத் தெரியும். இவனுக்கு முட்டையில மஞ்சக்கரு ஆகாது. இடி இடிச்சா வலது காத மட்டும் பொத்துவான். அழுகை வந்தா மூணு வாட்டி மூக்க உறிஞ்சிட்டுத்தான் அழுவான். இவனத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் இந்த வீட்டு வாசலுக்கு உங்க தம்பி வந்தாரு. எனக்கு முதல்ல இவன்தான் வந்தான்.”

ஜெசிந்தாக்கா கஸ்பார் பக்கம் திரும்பி, “கேட்டியாலே? நீ ரெண்டாவதுதான்” என்றார்கள்.

“முதல்லயே தெரியும்” என்றார் அவர்.

ஞானஸ்நானம் தள்ளிவைத்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலம் தொடங்குமுன் கல்யாணம், கல்யாணம் முடிந்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று முடிவு. தாய் என்ற இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டாமா என்று ஜெசிந்தாக்காதான் சொன்னார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குக்குருவிடம் அறிவிக்கவும் என்று. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். என் பெயரை ஒலிபெருக்கியில் முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை: செபஸ்தியான், மரிய செலின் இவர்களின் மகள் அமலோற்பவம். தலையை நிமிர்த்தவில்லை. பின்வரிசையிலிருந்து செசிலியக்கா என் முதுகில் விரலால் தட்டினாள்.

“நல்லவேளை நீ ஞானத்தாயா நிக்கல” என்று காதில் சொன்னாள். “நின்னிருந்தா முதல் ஆளா நான்தான் எந்திரிச்சுத் தடை சொல்லியிருப்பேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்றாவது ஓலை. யாரும் தடை சொல்லவில்லை. மழை பிடித்துவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

நேற்று கல்யாணம். காலையிலிருந்து மழை. கோயிலுக்கும் சாமியார் பங்களாவுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை போட்டார். திருமண மந்திரிப்பில் “சம்மதம்” என்று நான் சொன்னது முன் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை என்று மைனி சொன்னாள். அவர் சொன்னது ரோட்டுக்குக் கேட்டதாம்.

மோதிரம் மாற்றும்போது தீபன் நடுவில் வந்து நின்று தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். சாமியார் அவன் தலையில் கை வைத்து, “உனக்கு இருபத்துநாலாந்தேதி வேற ஒண்ணு இருக்கு” என்றார்.

பின்வீட்டு அடுப்படி இப்போது என் அடுப்படி. மிளகுப் புட்டி மேல் தட்டுக்குப் போய்விட்டது. மெற்றில்டாவின் படத்தைத் துடைத்து, அது இருந்த இடத்திலேயே மாட்டினேன். அவர் பார்த்தார். ஆணியை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடித்தார்.

பழைய வீட்டுக் கணக்கை மைனியிடம் ஒப்படைத்தேன். “இனி ரெண்டு வீட்டுக்கும் பால் யாரு வாங்குதா?” என்றாள். நான்தான் என்றேன். சுவர் பக்கம் தூரம் குறைவுதானே.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. மழை விட்டிருந்தது. இரண்டாம் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். மூன்று பிள்ளைகள்: இரண்டு கைக்குழந்தைகளும் தீபனும். மற்ற இரண்டும் தூங்கின. இவன் ஞானஸ்நானத் தொட்டியை எட்டிப் பார்த்து, “மீன் எங்க?” என்று கேட்டான்.

ஞானத்தகப்பன் என் அண்ணன், ஞானத்தாய் மைனி. “இனிக் கஸ்பாரு எனக்குக் கூடப்பிறந்த தம்பி. நீ எனக்கு நாத்தனாரா, தம்பி பொண்டாட்டியான்னு எனக்கே குழப்பமா இருக்கு” என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயில் உபதேசியார் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். முதல் பிள்ளைக்கு நிறுத்தினார், இரண்டாவதுக்கு நிறுத்தினார். எங்களிடம் வந்தார். பத்தொன்பது வருஷமாக இந்தக் கோயிலில் யார் வீட்டு ஞானஸ்நானம் என்றாலும் நான் பின்னால்தான் நிற்பேன். துண்டு எடுத்துக் கொடுப்பேன், அழுகிற பிள்ளைக்குப் பால் புட்டி நீட்டுவேன். கால் தானாக அங்கேதான் போய் நின்றிருக்கிறது.

“ஞானத்தகப்பன் இந்தப் பக்கம். ஞானத்தாய் பிள்ளையப் பிடிங்க. தகப்பன் இங்க வாங்க” என்றார் உபதேசியார். பிறகு சுற்றிலும் பார்த்தார். “பிள்ளைக்குத் தாய் எங்க?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தேன்.

“ஏட்டி” என்றாள் மைனி. “உன்னத்தான்.”